கோப்பையும் கடனும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பும் கடன். ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். முன்னதைக் கணக்கேடு காட்டும். பின்னதை மனச்சான்று காட்டும். கணக்கேட்டில் தீர்ந்துபோன கடன் மனச்சான்றில் தீராமல் நிற்பதுண்டு. கணக்கேட்டில் பெயரே இல்லாத ஒருவன்மீது கடமை வந்து அமர்வதும் உண்டு. இவ்விரு கடன்களும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன என்ற கேள்வி மிகப் பழமையானது. அக்கேள்வியை நம் காலத்தில் உரத்த குரலில் எழுப்பியவர்கள் தத்துவப் பேராசிரியர்கள் அல்லர். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்துக் கால்பந்து ரசிகர்கள் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

விளையாட்டுச் சண்டையை இங்கே எடுத்துப் பேசுவானேன் என்று எண்ண வேண்டா. வணிகத்திலும் வழக்குமன்றத்திலும் மனிதன் அளந்து பேசுகிறான். தான் நேசிக்கும் அணியைப் பற்றிப் பேசும்போது அவன் அளக்க மறந்துவிடுகிறான். அப்போதுதான் அவனுடைய நியாய உணர்வின் நேரும் கோணலும் ஒருசேர வெளிப்படுகின்றன. இரண்டரை லட்சம் பவுண்டுத் தண்டம் ஒன்றைச் செலுத்தவேண்டியவர் யார் என்று கிளாஸ்கோ ரசிகர்கள் இட்ட வழக்கில் நாம் நம்மையே காண்கிறோம்.

ஒரு கழகத்தின் வீழ்ச்சி

ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகம் 1872-ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் தோன்றியது. ஐப்ராக்ஸ் என்பது அதன் மைதானம். அதே நகரத்தின் செல்டிக் கழகம் அதன் தீராத போட்டியாளர். 2011-ஆம் ஆண்டுக்குள் ரேஞ்சர்ஸ் 54 முறை நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றிருந்தது. 1972-இல் பார்சலோனா நகரில் மாஸ்கோ டைனமோ அணியை 3–2 என்ற கணக்கில் வென்று ஓர் ஐரோப்பியக் கோப்பையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பாட்டன் சொல்லத் தந்தை கேட்டு, தந்தை சொல்ல மகன் கேட்டு வளர்ந்த வரலாறு அது.

அந்தப் புகழுக்குப் பின்னால் வேறொரு கணக்கும் வளர்ந்துகொண்டிருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆட்டக்காரர் பலருக்கு உரிய பணத்தில் ஒரு பகுதி சம்பளப் பட்டியலில் சேராமல், ஊழியர் நல அறக்கட்டளை ஒன்றின் வழியே ‘கடன்’ என்ற பெயரில் சென்றது. சம்பளத்துக்கு வரி உண்டு. கடனுக்கு வரி இல்லை. இந்த ஏற்பாட்டை உறுதிசெய்த தனிக் கடிதங்கள் லீக் நிர்வாகத்தின் பார்வைக்கு வைக்கப்படவில்லை. வரித்துறை வழக்குத் தொடுத்தது. கீழ்மன்றங்களில் தீர்ப்பு இப்புறமும் அப்புறமும் சாய்ந்து, முடிவில் 2017 ஜூலை 5 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அப்பணம் சம்பளமே என்று தீர்த்தது.

ஆனால் தீர்ப்பு வருமுன்னரே குற்றவாளிக் கூண்டு காலியாகிவிட்டது. 2011 மே மாதத்தில் அக்கழகத்தின் பெரும்பான்மைப் பங்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2012 பிப்ரவரி 14 அன்று கழகத்தை நடத்திவந்த கம்பெனி கடன் சுமை தாங்காமல் நிர்வாகப் பொறுப்பாளர் கைக்குச் சென்றது. கடன் கொடுத்தோருக்கு ஒரு பகுதியைத் தந்து சமரசம் செய்துகொள்ளும் திட்டத்தை ஜூன் மாதத்தில் வரித்துறை ஏற்க மறுத்தது. கம்பெனியைக் கலைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாயிற்று. மைதானமும் பயிற்சிக்களமும் பெயரும் சின்னமும் 55 லட்சம் பவுண்டுக்குப் புதிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. பழைய கடன்கள் பழைய கம்பெனியோடு தங்கிவிட்டன.

2012 ஜூலை 4 அன்று முதன்மை லீக்கின் கழகங்கள் புதிய நிறுவனத்தைத் தம் வரிசையில் சேர்க்க மறுத்தன. ஜூலை 13 அன்று கீழ்ப்பிரிவு லீக்கின் 30 கழகங்களில் 25, அது தங்கள் அடிமட்டப் பிரிவிலிருந்து தொடங்கட்டும் என்று வாக்களித்தன. நாட்டின் நான்காம் படியில் ஆட வேண்டிய நிலை. ஆயினும் ரசிகர்கள் கைவிடவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 18 அன்று ஐப்ராக்ஸில் அடிமட்டப் பிரிவின் ஆட்டம் ஒன்றைக் காண வந்தவர்கள் 49,118 பேர். கம்பெனி மடிந்தது, அன்பு மடியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். வழக்கின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது.

செத்தவர்மீது விதித்த தண்டம்

மறைக்கப்பட்ட கடிதங்களைப் பற்றி விசாரிக்க முதன்மை லீக் மூவர் குழு ஒன்றை அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதியான நிம்மோ ஸ்மித் பிரபு அதன் தலைவர். 2013 பிப்ரவரி 28 அன்று குழு தன் முடிவைச் சொன்னது: விதி மீறப்பட்டது உண்மை, ஆனால் அதனால் ஆட்டக்களத்தில் முறையற்ற ஆதாயம் கிட்டியதாகக் கொள்வதற்கில்லை, ஆகவே பட்டங்கள் பறிக்கப்படா, இரண்டரை லட்சம் பவுண்டு தண்டம். அத்தண்டம் பழைய கம்பெனியின்மீதே விதிக்கப்பட்டது. கலைப்பில் இருக்கும் கம்பெனியிடம் தண்டம் பெரும்பாலும் வசூலாகாது என்பதையும், ஏதேனும் வசூலானால் அது கடன் கொடுத்து ஏமாந்தவர்களின் பங்கிலிருந்தே வரும் என்பதையும் குழு அறிந்தே இருந்தது. அடித்தவனுக்கு விதித்த தண்டத்தை அடிபட்டவன் கட்டுவது போன்ற விந்தை அது.

லீக் அத்துடன் விடவில்லை. அதற்குள் அதுவும் கீழ்ப்பிரிவு லீக்கோடு இணைந்து புதுப் பெயர் பூண்டிருந்தது. தான் பெயர் மாறியதால் தனக்கு வரவேண்டிய பணம் வராமற் போகும் என்று அது ஒரு நாளும் நினைக்கவில்லை! 2012-இல் புதிய நிறுவனம் ஆட்டத்தில் சேர்வதற்காகச் செய்துகொண்ட ஐந்து தரப்பு ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டி, அத்தண்டத்தை அந்நிறுவனமே கட்டவேண்டும் என்றது. நிறுவனம் மறுத்தது. வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போய், 2015-இல் நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது.

ஒப்பந்தத்தை வைத்து நடுவர்கள் சொன்ன முடிவு சட்டத்துக்குப் போதும். ரசிகர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் கேட்டது வேறு கேள்வி: இந்தக் கழகம் அந்தக் கழகந்தானா?

இருபுறத்துக் கோணல்

ரேஞ்சர்ஸ் ரசிகன் சொல்கிறான்: ‘கம்பெனி வேறு, கழகம் வேறு. சட்டை கிழிந்தால் உடம்பு சாகுமா? உரிமையாளர் மாறினார், கழகம் மாறவில்லை. 54 பட்டங்களும் எங்களுடையவை.’ இது வெறும் வாய்ப்பேச்சன்று. அந்த விசாரணைக் குழுவே, ஒரு கழகம் உரிமையாளரிடமிருந்து வேறாக நிற்கும் தன்மையுடையது, ஒரு கையிலிருந்து மறுகைக்குச் செல்லவல்லது என்று கருதியது. 2021-இல் அவ்வணி மீண்டும் முதன்மைப் பட்டம் வென்றபோது ரசிகர்கள் அதனை 55-ஆவது என்று எண்ணியே கொண்டாடினர்.

நல்லது, தண்டம்? ‘அது பழைய கம்பெனியின் குற்றம், நாங்கள் ஏன் கட்டவேண்டும்?’

எதிரணி ரசிகன் சொல்கிறான்: ‘பழைய கழகம் செத்தது. கடன்காரர்களை ஏமாற்றிவிட்டுப் புதுச் சட்டையோடு வந்தால் அதே ஆள் ஆகிவிடுவானா? இவர்கள் 2012-இல் பிறந்தவர்கள். பட்டம் ஒன்றே ஒன்று.’ இதற்கும் அடிப்படை உண்டு. அதே கழகமாயின் அடிமட்டப் பிரிவில் விண்ணப்பித்து நுழைவானேன்?

நல்லது, தண்டம்? ‘கட்டியே தீரவேண்டும்!’

இருவரும் ஒரு கணம் நின்று தம் சொல்லைத் தாமே கேட்டிருந்தால் நாணியிருப்பர். பட்டங்களை எண்ணும்போது ஒரே கழகம். தண்டத்தை எண்ணும்போது வேறு கழகம் என்கிறார் ஒருவர். பட்டங்களை எண்ணும்போது வேறு கழகம். தண்டத்தை எண்ணும்போது ஒரே கழகம் என்கிறார் மற்றவர். ஒருவர் பிணத்தின் நகையை அணிந்துகொண்டு அதன் கடனை மறுக்கிறார். மற்றவர் பிணம் என்று சொல்லிக்கொண்டே அதனிடம் கடன் கேட்கிறார்.

எதிரணியாரில் நேர்மையான சிலர் சற்று வேறாகப் பேசினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘நீங்கள் அதே கழகம் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் அப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள். அப்படியானால் கட்டுங்கள்’ என்றனர். இவ்வாதத்தில் கோணல் இல்லை. பிறன் சொல்லை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து, இதன் எடையையும் நீயே சுமந்துகொள் என்பது நியாயமே.

இலக்கணம் பேசும் உண்மை

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம் இலக்கணம் மூவிடம் வகுக்கிறது. ‘நாங்கள் பார்சலோனாவில் வென்றோம்’ என்பான் 1972-இல் பிறந்தே இராத இளைஞன். பந்தைத் தொட்டவன் அவனல்லன். ஆனாலும் தன்மைப் பன்மை. ‘அவர்கள் கடிதங்களை மறைத்தார்கள்’ என்பான் அதே இளைஞன். மறைத்த நாளில் அவன் மைதானத்துப் படிக்கட்டில் அமர்ந்து அந்த ஆட்டக்காரர்களுக்கே கைதட்டியிருக்கலாம், ஆனாலும் படர்க்கை. புகழ் வரும்போது தன்மை. பழி வரும்போது படர்க்கை. கிளாஸ்கோவில் மட்டுமா இந்த இலக்கணம் வழங்குகிறது? ‘எங்கள் முன்னோர் கப்பலோட்டினர்’ என்று பெருமை பேசும் நாவு, அவர்கள் இழைத்த தவறு ஒன்று எடுத்துக்காட்டப்பட்டால், ‘அந்தக் காலத்து மனிதர்கள்’ என்று விலகிக்கொள்ளாதா?

இக்கேள்வி அதே கிளாஸ்கோ நகரத்தில் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராயப்பட்டது என்பது வியப்புக்குரியது. 1764 முதல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் நல்லொழுக்கத் தத்துவம் கற்பித்தவர் தாமஸ் ரீட். அவருக்கு முன் ஜான் லாக் என்ற ஆங்கிலச் சிந்தனையாளர் ஒரு கருத்தை வைத்திருந்தார். நேற்று இருந்தவனும் இன்று இருப்பவனும் ஒரே ஆள் என்பதற்கு அடையாளம் உடம்பன்று, நினைவே. எந்தச் செயலைத் தன் செயலாக ஒருவன் உணர்கிறானோ அதற்கே அவன் பொறுப்பாளி என்பது அவர் கருத்தின் சாரம்.

ரீட் 1785-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு மறுப்புக் கதை சொன்னார். ஒரு சிறுவன் தோட்டத்தில் பழம் திருடியதற்காகப் பள்ளியில் கசையடி பட்டான். வளர்ந்து போர்வீரனாகி முதற்போரிலேயே பகைவரின் கொடியைக் கைப்பற்றினான். முதுமையில் தளபதியானான். கொடியைக் கைப்பற்றிய நாளில் அவனுக்குக் கசையடி நினைவிருந்தது. தளபதியான நாளில் கொடி நினைவிருந்தது; கசையடி மறந்துபோயிற்று. நினைவுதான் ஆளை ஆக்குகிறது என்றால், தளபதி கொடி பிடித்த வீரன்தான்; அவ்வீரன் அடிபட்ட சிறுவன்தான்; ஆனால் தளபதி அச்சிறுவன் அல்லன் என்று முடியும். இது நகைப்புக்குரிய முடிவல்லவா என்று கேட்டார் ரீட்.

ரீட் தம் கதையைத் தனிமனிதனைப் பற்றியே சொன்னார். அதனை இன்று படிக்கும்போது அவருடைய நகரத்துக் கழகமே கண்முன் வருகிறது. கொடியை மறவாத தளபதி. கசையடியை மறந்த தளபதி. கதையின் தளபதி முதுமையால் மறந்தான். நாமோ வசதியாக மறக்கிறோம். மறதி பொறுப்பைப் போக்காது என்பது ரீட் தரும் முதற்பாடம். தேர்ந்தெடுத்த மறதி பொறுப்பைக் கூட்டவே செய்யும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கியவனா, வாரிசா?

அப்படியானால் புதிய ரேஞ்சர்ஸ் பழைய ரேஞ்சர்ஸ்தானா? இதற்கு ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தேடியே பலரும் களைத்துப்போயினர். அரிஸ்டாட்டில் இவ்விடத்தில் நமக்கு ஒரு வழி காட்டுகிறார். தம் ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியில், கொடுங்கோலன் வீழ்ந்து மக்களாட்சி வந்தபின், கொடுங்கோலன் வாங்கிய கடனை நாடு கட்டவேண்டுமா என்று அன்றே சிலர் கேட்டதை அவர் எடுத்துக்கொள்கிறார். ஒரு நாடு அதே நாடுதானா என்பது அதன் அரசமைப்பைப் பொறுத்தது என்று முடித்துவிட்டு, ஆனால் கடனைக் கட்டவேண்டுமா என்பது வேறு கேள்வி என்று ஒதுக்கிவைக்கிறார். அடையாளம் ஒன்று, பொறுப்பு வேறொன்று என்று பிரித்தது அவருடைய கூர்மை. அந்த வேறு கேள்விக்கு விடை தேடுவது நம் பங்கு.

விடைக்கு ஓர் எளிய வேறுபாடு உதவும். ஒரு வீடு ஒருவன் கைக்கு இரண்டு வழியில் வரலாம். விலைக்கு வாங்கலாம், மரபுரிமையாகப் பெறலாம். விலைக்கு வாங்கியவனிடம் பழைய உரிமையாளரின் மளிகைக் கடனை யாரும் கேட்க முடியாது. கேட்பது அநியாயம். ஆனால் அவன் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ‘இது என் பாட்டனார் கட்டிய வீடு’ என்று சொல்லவும் முடியாது. வாரிசோ அப்படிச் சொல்லலாம். அவ்வாறு சொல்லும் உரிமையோடுதான் மளிகைக்காரரின் சீட்டும் வருகிறது.

நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு அணிவகுத்து நிற்கும் வேளையில், இறந்தவரின் மகனோ உடன்பிறந்தாரோ முன்வந்து, ‘மையித்துக்கு யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று அறிவிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். சொத்தைப் பங்கிடுமுன் கடனைத் தீர்க்கவேண்டும் என்பது நம் பாகப்பிரிவினைச் சட்டத்தின் வரிசை. விட்டுச்சென்ற சொத்துக்கு மேற்பட்ட கடனை வாரிசு தன் கையிலிருந்து கட்டவேண்டும் என்று சட்டம் வற்புறுத்தவில்லை. ஆயினும், ‘என் வாப்பாவின் பெயரில் ஒரு காசு கடன் நிற்கக்கூடாது’ என்று தாமாகவே கட்டித் தீர்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைக் கட்டச் சொன்னது கணக்கேடன்று. ‘என் வாப்பா’ என்ற சொல்லே சொன்னது.

இதுதான் அரிஸ்டாட்டில் ஒதுக்கிவைத்த கேள்விக்கு நாம் காணும் விடை. பொறுப்பு எங்கிருந்து வருகிறது? பதிவேட்டிலிருந்து மட்டுமன்று; நாம் பாராட்டும் உரிமையிலிருந்தும் வருகிறது. ‘நான் வாங்கியவன்’ என்பவனுக்குக் கடனும் இல்லை, கோப்பையும் இல்லை. ‘நான் வாரிசு’ என்பவனுக்குக் கோப்பையும் உண்டு, கடனும் உண்டு. இரண்டில் எதனையும் தேர்ந்துகொள்ளலாம். கோப்பைக்கு வாரிசாகவும் கடனுக்கு வாங்கியவனாகவும் இருக்க மட்டும் முடியாது. 1918-இல் ரஷ்யப் புரட்சியாளர் ஜார் மன்னரின் வெளிநாட்டுக் கடன்களைச் செல்லாதவை என்று அறிவித்தனர். ஜாரின் நிலத்தையும் மாளிகைகளையும் செல்லாதவை என்று விட்டுவிடவில்லை! கால்பந்துக் கழகம் செய்தாலும் பேரரசு செய்தாலும் கோணல் கோணலே.

வாங்கியவனாக நின்று நேர்மை காட்டிய முன்னுதாரணமும் கால்பந்து உலகிலேயே உண்டு. தென்லண்டனின் விம்பிள்டன் கழகம் 1988-இல் லிவர்பூலை வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையைப் பெற்றது. 2003-இல் அக்கழகத்தை உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் என்ற தொலைநகருக்குக் கொண்டுபோயினர். மறு ஆண்டு பெயரும் மாறிற்று. கைவிடப்பட்ட ரசிகர்கள் 2002-லேயே தங்களுக்கெனப் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். பல ஆண்டுக் கசப்புக்குப் பின், 2007-இல் மில்டன் கீன்ஸ் கழகம் அக்கோப்பையின் படியையும் பிற நினைவுப் பொருள்களையும் விம்பிள்டன் அமைந்த மெர்ட்டன் வட்டாரத்திடம் ஒப்படைத்தது. சட்டப்படி இடம் தன்னுடையது. புகழ் தன்னுடையதன்று என்று ஒத்துக்கொண்டது. இழந்தது வெள்ளிப் பாத்திரம். பெற்றது, யாரும் சுட்டிக்காட்டிக் கேட்க முடியாத நிம்மதி.

ரசிகன் செய்த குற்றம் என்ன?

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். கடிதத்தை மறைத்தவர்கள் நிர்வாகிகள். அவர்கள் போய்விட்டனர். புதிய நிறுவனம் கட்டும் தண்டம் முடிவில் நுழைவுச்சீட்டு வாங்கும் சாதாரண மனிதனின் பையிலிருந்தே வரும். கப்பல்பட்டறையில் உழைத்துக் களைத்தவனும் பேருந்து ஓட்டுபவனும் செய்த குற்றம் என்ன? குற்றம் செய்யாதவனைத் தண்டிப்பது நியாயமா?

மறுப்பு மெய்யானது. ரசிகன் குற்றவாளியல்லன், அவனைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பழி வேறு, பொறுப்பு வேறு. பழி, செய்தவனோடு நிற்கும். அதை வாரிசுக்கு மாற்ற முடியாது. பொறுப்பு, பெற்றவனைத் தொடரும். தந்தை பொய்க்கணக்கு எழுதினார் என்றால் மகன் பொய்யனாகமாட்டான். ஆயினும் அப்பொய்க்கணக்கால் வந்த தோட்டத்தில் அவன் இளநீர் குடித்துக்கொண்டிருந்தால், அயலான் வாசலில் வந்து நிற்கும்போது கதவை அடைக்க முடியாது. அன்றியும், அந்த ரசிகன் உழைத்துப் பெறாத தண்டத்தைக் கட்டுகிறான் என்றால், உழைத்துப் பெறாத பட்டத்தையும் கொண்டாடுகிறான். இரண்டும் ஒரே வாசல் வழியே அவனிடம் வந்தவை.

முன்னர்ச் சொன்ன 49,118 பேரை இப்போது நினைவுகொள்ளலாம். கழகம் வாழ்வது எதில் என்று கேட்டால், கம்பெனிப் பதிவேட்டில் அன்று, அந்தக் கூட்டத்தில்தான் என்பதே சரியான விடை. தாழ்ந்த பிரிவில் ஆடினாலும் கைவிடோம் என்று வந்து அமர்ந்த மக்களின் பற்றே கழகத்தின் உயிர். அந்த உயிர் அறுபடவில்லை என்ற வகையில் ரேஞ்சர்ஸ் ரசிகனின் கூற்றே வலுவுடையது: அது அதே கழகந்தான். ஆனால் அவனுடைய வாதம் எங்கே வெல்கிறதோ அங்கேயே அவனுடைய கடனும் பிறக்கிறது. ‘நாங்களே கழகம்’ என்று மெய்ப்பித்தவன், ‘கழகத்தின் கடன் எங்களுடையதன்று’ என்று பிறகு எப்படிச் சொல்வான்?

வாக்கில்லாத கடன்காரர்

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதியில் நின்றதாகும். தண்டத்தைப் பற்றி இத்தனை ஆரவாரம் எழுந்ததே, அதனைக் கேட்டவர் யார்? லீக். அதன் கையில் ஒளிபரப்புப் பணம் இருந்தது. போட்டியில் சேர்க்கும் அதிகாரமும் இருந்தது. 2012-இல் புதிய நிறுவனம் பழைய கம்பெனி மற்றக் கழகங்களுக்குத் தரவேண்டியிருந்த பாக்கிகளை ஏற்றுக்கொண்டது. அறவுணர்வால் மட்டும் ஏற்றது என்று சொல்ல இயலாது. ஏற்காவிட்டால் ஆடுவதற்கு உரிமை கிடைத்திராது.

அந்தக் கடன் பட்டியலில் வரித்துறையும் பிற கழகங்களும் மட்டும் இல்லை. பண்டம் கொடுத்த, வேலை செய்து கொடுத்த சிறு வணிகர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்கள் மறுத்தால் எந்த ஆட்டமும் நிற்கப்போவதில்லை. அவர்கள் பழைய கம்பெனியின் கலைப்புக் கணக்கில் தங்கள் சிறு பங்குக்காகக் காத்திருக்கும்படி ஆயிற்று. வலியவனின் கடன் வரிசையின் முன்னால் நின்றது. எளியவனின் கடன் வரிசையின் கடைசிக்குப் போயிற்று. இரு தரப்பு ரசிகர்களும் இரண்டரை லட்சத்துக்காகத் தொண்டை வறளக் கத்திய அந்நாள்களில், மைதானத்தைச் சுற்றிக் கடை வைத்திருந்தவனின் சில நூறு பவுண்டுக்காக எத்தனை பேர் குரல் கொடுத்தனர்?

தண்டத்துக்கும் இந்தக் கடனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தண்டம் ஒரு விதியை மீறியதற்கு. இந்தக் கடன் ஒரு மனிதனின் நம்பிக்கைக்கு. கழகத்தின் பெயரை நம்பித்தான் அவன் பண்டத்தைக் கொடுத்தான். கம்பெனியின் பதிவு எண்ணைப் பார்த்துக் கொடுக்கவில்லை. அந்தப் பெயர் இன்றும் வாயில் முகப்பில் ஒளிர்கிறது. சட்டம் என்ன சொன்னாலும், எந்தப் பெயரை நம்பிக் கடன் கொடுக்கப்பட்டதோ, அப்பெயரைச் சூடிக்கொள்பவன்மீது அக்கடனின் நிழல் விழவே செய்யும். தண்டத்துக்கு வாதாடியவர்கள் முதலில் இதற்கு வாதாடியிருக்கவேண்டும். தண்டத்தை மறுத்தவர்கள், ‘லீக்குக்குக் கட்டமாட்டோம், ஆனால் எங்கள் பெயரை நம்பிய சிறுவணிகனுக்குக் கட்டுவோம்’ என்றிருந்தால், அவர்கள் மறுப்பையும் உலகம் மதித்திருக்கும்.

நம் கடைவீதிகளில் எத்தனையோ பெயர்ப்பலகைகளில் தந்தையின் பெயருக்குப் பின் ‘அன் சன்ஸ்’ என்று பொறித்திருக்கிறது. தொடங்கிய ஆண்டும் அடியில் இருக்கும். அந்த ஆண்டைக் காட்டித்தான் வாடிக்கையாளரை அழைக்கிறோம். ஒருநாள் முதியவர் ஒருவர் படியேறி வந்து, மடித்துப் பழுத்துப்போன துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டி, ‘உங்கள் தகப்பனார் காலத்துப் பாக்கி, தம்பி’ என்கிறார். சட்டப்படி அச்சீட்டுக்குக் காலம் கடந்துவிட்டது. அவரைத் திருப்பியனுப்ப நமக்கு வழி இருக்கிறது. ஆனால் திருப்பியனுப்புமுன் ஒருமுறை வெளியே வந்து, நம் பெயர்ப்பலகையை நாமே நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போவது நல்லது. அந்த ஆண்டு நம்முடையதென்றால் அந்தச் சீட்டும் நம்முடையதே.